கஞ்சி பற்றிய வாக்குமூலம்

1996ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 17ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசும் சிறோக்கோக் காற்று மூன்றாவது நாளாக ஓயவில்லை. வெப்பமானி முப்பத்தாறு பாகையைக் காட்டியது. வானம் செம்மண் கரைத்த நீரின் நிறத்தில் இருந்தது. இத்தாலியின் பலெர்மோ நகரில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்னும் மத்திய புகையிரத நிலையத்துக்குப் பின்புறத்துச் சந்தொன்றில், தன் சோற்றுக் கடையின் சமையலறைத் தரையில் முழங்காலூன்றி, அகஸ்ரீனா கொழுப்புத் தொட்டியை வழித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தொட்டி பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கீழே பதிக்கப்பட்ட ஓர் இரும்புப் பெட்டி. கழுவிய நீர் அதற்குள் வந்து சற்றே தங்கும். கொழுப்பு மேலே மிதக்கும். கசடு அடியில் படியும். இடையிலுள்ள நீர் மட்டும் குழாய் வழியாக நகரத்தின் கழிவுநீர்க் கால்வாய்க்குப் போகும். சிறு உணவகக்காரருக்கென்று முந்திய ஆண்டு நடந்த இரண்டு மாலை வகுப்பில், அதைப் பதினைந்து நாளுக்கொருமுறை வழித்தால் போதும் என்றார்கள். வகுப்புக்கு வந்த பதினான்கு பேரில் இரண்டாவது மாலையும் வந்தவர்கள் மூவர். அம்மூவரில் ஒருத்தியான அகஸ்ரீனா பதினைந்தை ஏழாக்கிக்கொண்டாள்.

அவளுடைய சமையலறையில் தட்டுகள் நீரைக் காணுமுன் பழைய பத்திரிகைத் தாளால் துடைக்கப்பட்டன. பொரித்த எண்ணெய் ஆறியதும் ரின்னில் அடைக்கப்பட்டு, மாதந்தோறும் பகேரியாவிலிருந்து வரும் சவர்க்காரப் பட்டறைக்காரரிடம் போயிற்று. வாங்கிய எண்ணெய் எத்தனை லீற்றர், கொடுத்த எண்ணெய் எத்தனை லீற்றர் என்று ஒரு கொப்பியில் அவளே எழுதிவந்தாள். வகுப்பில் சொல்லாத விதியொன்றும் அங்கே இருந்தது: சோறு வடித்த கஞ்சி தொட்டிக்குள் போகக் கூடாது. தொட்டி வாங்கிய முதல் மாதத்தில் கஞ்சியும் கொழுப்பும் சேர்ந்து பசையாக இறுகி, குழாயை அடைத்து, அழுக்கு நீர் சமையலறைக்குள் ஏறிவந்தது. அன்றுமுதல் நாளொன்றுக்கு மூன்று வாளிக் கஞ்சி பின்முற்றத்து வடிகாலை மூடிய இரும்புக் கிறாதிக்குள் ஊற்றப்பட்டது. கிறாதிக்குள் மழைநீர் போவதை அவள் பார்த்திருக்கிறாள். மழைநீர் போகும் இடத்தில் கஞ்சி போவதில் பிழையொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. உப்புப் போட்டுத் தானும் ஒரு கோப்பை குடித்த பின்புதானே ஊற்றுகிறாள்.

"அக்கா, மாதா சுருவத்தைக்கூட நீங்கள் இப்பிடித் துடைச்சு நான் காணேல்லை," என்றாள் புனிதமலர். அவள் வங்காலைக்காரி, கடையில் பாத்திரம் கழுவவும் காய் வெட்டவும் இருந்தவள்.

"மாதாவிலை கொழுப்புப் பிடிக்காது. கதையை விட்டிட்டு வாளியைப் பிடி."

"பிடிக்கிறன். ஆனால் அங்கை ஆரோ ஒரு ஆள் கிறாதிக்கு முன்னாலை குந்திக்கொண்டிருக்கிறார். சப்பாத்தைப் பாத்தால் அரசாங்கம் மாதிரிக் கிடக்கு."

அகஸ்ரீனா கையுறையைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குப் போனாள். நீர் மாசுபடுவதைக் கண்காணிக்கும் அலுவலகத்தின் பரிசோதகர் கலாந்த்ரா அங்கே குந்தியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கயிற்றில் கட்டிய போத்தலொன்றைக் கிறாதிக்குள் இறக்கி, நிரப்பி, மேலே எடுத்தார். போத்தலுக்குள் இருந்த நீர் பால்போல வெளுத்திருந்தது. முதல் நாள் மாலை ஊற்றிய கஞ்சி அது.

அவர்கள் பேசியது இத்தாலியம். அகஸ்ரீனாவின் இத்தாலியம் பதினொரு ஆண்டுகள் சிஞ்ஞோராமாரின் வீடுகளில் வேலை செய்து கற்றது. அதில் மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள் மிகுதி, விளக்கம் சொல்லும் வாக்கியங்கள் குறைவு.

"இது என்ன, சிஞ்ஞோரா?"

"கஞ்சி. சோறு வடித்த நீர்."

கலாந்த்ரா பையிலிருந்து சிறு குப்பியை எடுத்து, போத்தலுக்குள் இரண்டு துளி அயடீன் விட்டார். மாச்சத்து இருந்ததால் வெள்ளை நீர் கருநீலமாயிற்று. பின்பு, காலையில் கடலோரத்தில் எடுத்த இன்னொரு போத்தலைக் காட்டினார். அதுவும் கருநீலம்.

"சிறு துறைமுகத்தில் கால்வாய் வாயடியில் ஒவ்வொரு மதியமும் வெள்ளை நீர் வருகிறது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். ஏதோ இரசாயனம் என்று நினைத்துக்கொண்டு நான்கு மாதம் தேடினேன். உங்கள் சமையலறைக் குழாய் கழிவுநீர்க் கால்வாயோடு இணைந்தது. இந்தக் கிறாதி அப்படியில்லை. இது மழைக்கானது. இதில் விழுவது நேரே கடலில் விழுகிறது."

"கஞ்சி அழுக்கில்லை, ஐயா. அது சாப்பாடு."

"சாப்பாடு என்பதுதான் குற்றம். நீரிலுள்ள கிருமிகள் அதைத் தின்னும். தின்னும்போது நீரிலுள்ள மூச்சையும் சேர்த்துத் தின்றுவிடும். மீனுக்கு மூச்சு மிஞ்சாது. கால்வாய் வாயடியில் குஞ்சு மீன்கள் வயிறு மேலாகக் கிடக்கின்றன."

அகஸ்ரீனா பேசாலையில் மீன்பிடிக்கிறவரின் மகளாகப் பிறந்தவள். வேறெந்தக் குற்றச்சாட்டாயிருந்தாலும் அவள் பதில் தேடியிருப்பாள்.

கலாந்த்ரா போத்தலைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். கருநீல நீரின் மேல் மஞ்சள் வளையமொன்று மிதந்தது.

"எண்ணெயும் இருக்கிறது. நிறைய."

"என்னுடைய எண்ணெய் ரின்னில் போகிறது. கொப்பி இருக்கிறது."

"நம்புகிறேன். வாசலில் நின்று தொட்டியையும் பார்த்தேன். இந்த நகரத்தில் இவ்வளவு சுத்தமான தொட்டியை நான் கண்டதில்லை." அவர் முற்றத்தின் மறுபக்கத்து மூடிய கதவைச் சற்று நேரம் பார்த்தார். "இந்தக் கிறாதியை வேறு யாரும் பயன்படுத்துகிறார்களா?"

அவள் கிறாதியைக் குனிந்து பார்த்தாள். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஒரு படிவத்தைக் கொடுத்தார். முப்பது நாளுக்குள், அதாவது ஒக்ரோபர் 17க்குள், அவள் தன் விளக்கத்தை எழுத்தில் கொடுக்கலாம். அதன்பின் மூவர் கொண்ட குழு அவளுடைய உணவக அனுமதியான லிசென்சாவைப் பற்றித் தீர்மானிக்கும்.

அந்தத் தாளின் பாரம் அவளுக்குத் தெரியும். கடையின் லிசென்சா அவள் பெயரில் இருந்தது. அதைக் காட்டித்தான் அவள் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் பெற்றிருந்தாள். அந்தப் பெர்மெசோ அடுத்த மார்ச் 31இல் முடிகிறது. அவளுடைய கணவன் யாக்கோபின் பெர்மெசோ அவளுடையதைப் பற்றிக்கொண்டு நின்றது. லிசென்சா போனால் கடை போகும். கடை போனால் இருவரும் அந்நாட்டில் இருப்பதற்கான காரணம் போகும்.

மூடியிருந்த கதவு சாரோவினுடையது. கடலைமா அடையும் உருளைக்கிழங்கு உருண்டையும் பொரித்து விற்கும் கடை அவருடையது. அவருடைய தந்தையும் அங்கேயே பொரித்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் இரண்டு மணிக்கு அவர் அந்தக் கதவைத் திறந்து, வாரம் முழுவதும் பொரித்துக் கறுத்த எண்ணெயைக் கிறாதிக்குள் ஊற்றுவார். இதை முற்றத்தைச் சுற்றியுள்ள பதினாறு யன்னல்களும் அறியும்.

ஆனால் அந்தத் தெருவில் குழாய் நீர் இரண்டு நாளுக்கொருமுறைதான் வரும். கூரையில் இருந்த பெரிய நீர்த்தாங்கி சாரோவின் தாங்கி. அதிலிருந்து ஒரு குழாய் அகஸ்ரீனாவின் சமையலறைக்கு வந்தது. அவர் அதற்கு ஒன்றும் கேட்டதில்லை. கடை திறந்த நாளில் தாமாகவே ஏணி வைத்து ஏறிக் குழாயை இணைத்துவிட்டு, இறங்கி வந்து ஒரு தட்டுச் சோறும் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணீர் வழிய, நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார்.

அன்று மாலையே அவர் வந்தார்.

"கலாந்த்ராவுக்கு எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள், சிஞ்ஞோரா. நான் சொல்வதைக் கேளுங்கள். வெள்ளையா? மேல்மாடியில் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், அது. நானும் அப்படியே சொல்கிறேன். எழுதாதவனை யாரும் பிடிக்க முடியாது."

"அவர் அயடீன் விட்டுப் பார்த்தார்."

"அயடீனுக்கு இத்தாலியம் தெரியாது," என்று சாரோ சிரித்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது யாக்கோபு வேறு யோசனை சொன்னான். பகலில் ஒரு வங்கியின் மாடிப்படிகளைத் துடைத்து வந்தவனுக்கு முதுகு வலி, பொறுமை குறைவு.

"இதிலை யோசிக்க என்ன இருக்கு? சாரோவின்ரை எண்ணெய் எண்டு எழுது. திகதி போடு, நேரம் போடு. உனக்குத்தான் எழுதுறதெண்டால் விருப்பமே."

"எழுதினால் அடுத்த நாள் தண்ணிக் குழாயைக் கழட்டுவார். தண்ணி இல்லாமல் எந்தத் தட்டைக் கழுவுறது?"

"அப்ப அவர் சொன்ன மாதிரி வெள்ளை அடிச்சது எண்டு சொல்லு."

"பொய்யைக் கையெழுத்து வைச்சுக் குடுக்கச் சொல்லுறீங்களோ?"

"அப்ப ஒண்டும் எழுதாதை. சும்மா இரு. உலகத்திலை எல்லாரும் சும்மாதான் இருக்கினம்."

"நான் ஊத்தினதை நான் எழுதுவன். மற்ற ஆள் ஊத்தினதை மற்ற ஆள் எழுதட்டும்."

யாக்கோபு சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "இஞ்சை பார். நீ பாவசங்கீர்த்தனத்துக்குப் போகேல்லை. அங்கை சாமியார் இல்லை. அங்கை இருக்கிறது கோப்பு."

அவள் எழுதினாள். முதலில் தமிழில்; பின்பு, பங்குக் கோவில் கன்னியாஸ்திரி ஒருவரின் உதவியோடு இத்தாலியத்தில். நாளொன்றுக்கு எத்தனை வாளி, எந்த நேரம், எந்த மாதத்திலிருந்து, ஏன் தொட்டியில் ஊற்றவில்லை என்பவற்றை அவள் ஒளிக்கவில்லை. கிறாதி கடலுக்குப் போவது தெரியாது என்றும், தெரிந்த நாளிலிருந்து ஒரு கோப்பையும் ஊற்றவில்லை என்றும் சேர்த்தாள். எண்ணெய்க் கொப்பியின் பிரதியை இணைத்தாள். நான்கு பக்கங்களிலும் ஒரு வரிகூடப் பொய்யில்லை. சாரோவின் பெயரும் இல்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கையெழுத்திடுமுன் அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் கஞ்சியையே என்ன செய்வது என்பது. முதலில் கஞ்சி வடிக்காமல், அளந்த நீரில் சோற்றை அடக்கிப் பார்த்தாள். ஒன்பது கிலோ அரிசி ஒரே பானையில் அடங்க மறுத்தது. அடியில் கருகி மேலே குழைந்தது. வியாழக்கிழமை மதியம் வீட்டுவேலைக்காரருக்கு விடுமுறை, கடை நிரம்பிவழியும். றொஜர் என்ற வாடிக்கையாளர், ஊர்காவற்றுறைக்காரர், கரண்டியால் சோற்றைத் தூக்கிப் பார்த்தார். அது ஒரே கட்டியாக எழும்பி வந்தது.

"அக்கா, இது சோறோ களியோ?"

"சட்டப்படி சமைச்ச சோறு. சாப்பிடுங்கோ."

"சட்டத்துக்குப் பல்லு இருக்கு. எனக்கு முன்பல்லு ரெண்டு இல்லை."

மூன்று வியாழக்கிழமைகளுக்குப் பின் அவள் மறுபடி வடிக்கத் தொடங்கினாள். ஆனால் கஞ்சி இப்போது மூடியுள்ள வாளிகளில் நிறைந்தது. பிரான்காச்சோவில், அடுக்குமாடிகளுக்குப் பின்னாலுள்ள வெறுங்காணியில் ஆடு வளர்க்கும் முதியவர் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார். மாலைதோறும் யாக்கோபு இரண்டு வாளியும் புனிதமலர் ஒரு வாளியுமாகப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள்.

"ஒரு சிஞ்ஞோரா எங்களைப் பாத்துச் சிலுவை போட்டவ," என்றாள் புனிதமலர் திரும்பி வந்து. "ஏதோ அஸ்தி கொண்டு போறம் எண்டு நினைச்சிட்டா."

"அத்தானுக்குச் சிரிப்பு வந்ததோ?"

"அத்தான் தொப்பியைக் கழட்டி, துக்கத்திலை இருக்கிற ஆள் மாதிரித் தலையைக் குனிஞ்சவர். உடனை ரெண்டு பேர் எழும்பி எங்களுக்கு இடம் தந்தவை."

அகஸ்ரீனா அன்று சிரித்தாள். அந்த ஆண்டில் அதற்கு மேல் அவள் சிரித்ததாகப் புனிதமலருக்கு நினைவில்லை.

நவம்பர் 21ஆம் திகதி குழு கூடியது. மேசைக்கு அப்பால் மூவர், நடுவில் தலைவர். கலாந்த்ரா சுவரோரத்து நாற்காலியில் இருந்தார். தலைவரின் முன்னே அகஸ்ரீனாவின் கொப்பியின் பிரதி விரிந்திருந்தது.

"கடந்த ஒரு வருடத்தில் நானூற்றுப் பத்து லீற்றர் எண்ணெய் வாங்கியிருக்கிறீர்கள்."

"ஆம்."

"சவர்க்காரப் பட்டறைக்குக் கொடுத்தது நூற்று நாற்பது லீற்றர்."

"ஆம்."

"மிகுதி இருநூற்று எழுபது லீற்றர் எங்கே?"

அகஸ்ரீனா கேள்வி புரியாமல் கலாந்த்ராவைப் பார்த்தாள். அவர் தம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விற்றுவிட்டேன்," என்றாள்.

"யாருக்கு?"

"வடையும் றோல்ஸும் மீன் பொரியலும் வாங்கியவர்களுக்கு. எண்ணெய் அவற்றுக்குள் போனது. கறிக்கும் தாளித்தோம்."

தலைவர் எழுதினார். எழுதியதைச் சட்டப்படி வாசித்தும் காட்டினார்: "மிகுதி எண்ணெய் வாடிக்கையாளரால் உட்கொள்ளப்பட்டதாகக் கூறுகிறார், ஆதாரம் இணைக்கவில்லை."

"சாரோவின் கடையில் எத்தனை லீற்றர் வாங்குகிறார்கள் என்று கேட்டீர்களா?" இப்படிக் கேட்க நினைத்தாள்; கேட்கவில்லை. அன்று காலையும் அவள் பாத்திரங்களைக் கழுவியது சாரோவின் தாங்கி நீரில். அவள் வேறொன்று சொன்னாள்: "கொப்பி வைத்திருக்கும் கடை எங்கள் தெருவில் என்னுடையது மட்டும்தான்."

"அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்," என்றார் தலைவர். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

வெளியே படிக்கட்டில் கலாந்த்ரா அவளை எட்டிப்பிடித்தார்.

"சிஞ்ஞோரா, நான் கண்டதையும் பிறர் எழுதிக் கொடுத்ததையும்தான் நான் அறிக்கையில் போடலாம். நான் சனிக்கிழமைகளில் வேலை செய்வதில்லை. செய்ய அனுமதியும் இல்லை. முற்றத்தில் பதினாறு யன்னல்கள். எல்லாக் கதவையும் தட்டினேன். எல்லாருக்கும் பார்வை குறைவு. உங்களுடைய நான்கு பக்கங்கள் மட்டும்தான் என்னிடம் இருந்தன. இப்போது இன்னொரு பக்கம் வந்திருக்கிறது."

"யாருடையது?"

"பக்கத்துக் கடைக்காரருடையது. அந்தக் கிறாதியை வெளிநாட்டவரின் உணவகம் நாள்தோறும் பயன்படுத்துவதைத் தாம் கண்டதாக எழுதியிருக்கிறார்."

அகஸ்ரீனா பஸ் ஏறாமல் நடந்தே கடைக்கு வந்தாள். சாரோ தம் கடை வாசலில் அடைக்குக் கடலைமாக் களியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"தோன் சாரோ, என்னைப் பற்றி எழுதிக் கொடுத்தீர்களா?"

சாரோ கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வெட்கமில்லை, வியப்புத்தான் இருந்தது.

"எழுதாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொன்னேனா இல்லையா? நீங்கள் எழுதினீர்கள். எழுதியபின் என்னிடமும் வந்து கேட்டார்கள். கிறாதியில் ஊற்றுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஊற்றுவதாக நானும் எழுதினேன். இதில் பொய் எங்கே?"

"நீங்கள் ஊற்றுவதையும் எழுதினீர்களா?"

"நீங்கள் எழுதினீர்களா?"

அவள் நீர்த்தாங்கி இருந்த கூரைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதவில்லை," என்றார் சாரோ. "அதற்கு நன்றி. தண்ணீர் வருகிறதல்லவா? வரும். நான் இருக்கும்வரை வரும்." பின்பு, அவள் போகத் திரும்பியபோது, தாளில் சுற்றிய சூடான அடையொன்றை அவள் கையில் வைத்தார். அவள் அதைச் சந்தியிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். எண்ணெய் பட்ட கையைத் தாளால் துடைத்துக்கொண்டாள்.

அன்றிரவு யாக்கோபு "நான் அப்பவே சொன்னன்" என்று தொடங்கினான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாளும் இரண்டு வாளிகளோடு பிரான்காச்சோவுக்குப் பஸ் ஏறினான்.

டிசெம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று. திங்கள்தோறும் அவள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். தீர்மானம் எழுதப்பட்டுவிட்டது, தட்டச்சுச் செய்யவில்லை என்றார்கள். தட்டச்சாகிவிட்டது, கையெழுத்தாகவில்லை என்றார்கள். கையெழுத்திட வேண்டியவர் விடுமுறையில் என்றார்கள். இதற்கிடையில் கால்வாய் வாயடியில் வெள்ளை நீர் நின்றுவிட்டது. மஞ்சள் வளையம் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, புனிதமலரும் அகஸ்ரீனாவும் துறைமுகத்துக்குப் போய் அதைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

"எங்கடை கஞ்சி இல்லை அக்கா. பாருங்கோ, கண்ணாடி மாதிரி எண்ணெய் நிக்குது."

"தெரியுது."

"அப்ப அவைக்கு விளங்காதே?"

"விளங்கும். விளங்குறது வேறை, எழுதுறது வேறை."

1997ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி, வியாழக்கிழமை, அழைப்பு வந்தது. கடையில் அதுவே நெரிசலான நாள். புனிதமலரைப் பானைக்கருகில் நிறுத்திவிட்டு அவள் போனாள். மூன்றாம் மாடியில், கண்ணாடி யன்னலுக்கு அப்பால், இளைய அலுவலர் ஒருத்தி மூன்று பக்கத் தாளொன்றை எடுத்து மேசையில் வைத்தாள். அடியில் நீல மையில் ஒரு கையெழுத்து. அதன் மேல் முத்திரை.

"பெற்றுக்கொண்டதற்கு இங்கே கையெழுத்திடுங்கள்."

"வாசித்துவிட்டு இடலாமா?"

அலுவலர் பெண் அவளுக்குப் பின்னாலிருந்த வரிசையைப் பார்த்தாள். "சுருக்கமாக."

அகஸ்ரீனா சுருக்கமாக வாசிக்கப் பழகியவளல்லள். முதற் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. விண்ணப்பதாரி, தாமே கையெழுத்திட்ட வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டபடி, எண்ணெயும் கொழுப்பும் கலந்த சமையற் கழிவை மழைநீர்க் கால்வாயில் தொடர்ந்து கொட்டிவந்தமை நிறுவப்பட்டுள்ளது. இதனை அயலவரின் சாட்சியமும், கணக்கில் வராத இருநூற்று எழுபது லீற்றர் எண்ணெயும் உறுதிசெய்கின்றன. ஆகையால் உணவகத்துக்கான லிசென்சா இன்றுமுதல் இரத்துச் செய்யப்படுகிறது.

"சிஞ்ஞொரீனா, இது பிழை. நான் எழுதியது கஞ்சி. எண்ணெய் என்று நான் எங்கேயும் எழுதவில்லை."

அலுவலர் பெண் கோப்பைப் புரட்டி, நான்கு பக்க வாக்குமூலத்தைக் கண்டுபிடித்தாள்.

"முற்றத்துக் கிறாதியில் ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் கையெழுத்துத்தானே?"

"ஆம்."

"பரிசோதகர் அந்தக் கிறாதியில் எண்ணெயைக் கண்டிருக்கிறார்."

"கண்டார். அது என்னுடையதில்லை."

"யாருடையது?"

பின்னால் ஒருவர் இருமினார்.

"பக்கத்துக் கடைக்காரர் சாரோவினுடையது. சனிக்கிழமைகளில், மதியம் இரண்டு மணிக்கு ஊற்றுகிறார். நான்கு ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்."

அலுவலர் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, கையில் பேனா இருக்கவில்லை.

"இதை நீங்கள் ஒக்ரோபர் 17க்குள் எழுதியிருக்க வேண்டும், சிஞ்ஞோரா."

"இப்போது எழுதுகிறேன்."

"எழுதலாம். எழுதினால் தீர்மானம் திருத்தத்துக்காகக் குழுவுக்குத் திரும்பிப் போகும். திரும்பிவர ஆறு மாதமாகும், கூடவும் ஆகலாம். அதுவரை உங்களிடம் லிசென்சாவும் இருக்காது, இல்லையென்று சொல்லும் தாளும் இருக்காது. இந்தத் தாளிருந்தால் மேல்முறையீடாவது செய்யலாம்." அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். "உங்கள் பெர்மெசோ எப்போது முடிகிறது?"

"மார்ச் 31."

"அப்படியானால் சொல்லுங்கள். தீர்மானம் வேண்டுமா, திருத்தம் வேண்டுமா?"

அகஸ்ரீனா பெற்றுக்கொண்டதற்கான கட்டத்தில், கோட்டுக்கு வெளியே போகாமல், தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். அலுவலர் பெண் மூன்று பக்கங்களையும் ஓரம் பொருத்தி, ஊசியடித்து, யன்னலின் கீழ் இடைவெளியால் அவளிடம் தள்ளிவிட்டாள்.